டைனோஜெஸ்ட் 2 மி.கி. மாத்திரை: பதினோரு மாத அனுபவம்

தினமும் இரவு ஒன்பதரைக்கு ஒரு மாத்திரை. பதினோரு மாதமாகிறது. எண்டோமெட்ரியோசிஸுக்கு இதை எழுதி வாங்கிவிட்டு, போடலாமா வேண்டாமா என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் திருச்சியில் பிளஸ் டூ விலங்கியல் ஆசிரியை. மாதவிடாய்ச் சுழற்சியைப் பலகையில் வரையும்போதே இடுப்பிலிருந்து தொடை வரை சுண்டி இழுத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முதலில் பார்த்த மருத்துவர், "ஒரு குழந்தை பெத்தா எல்லாம் சரியாயிடும்மா" என்று அனுப்பிவிட்டார். பெற்றேன். மகளுக்கு இப்போது ஆறு வயது, வலி போகவில்லை. அடுத்து பார்த்தவர்தான் ஸ்கேன் எடுத்து, இடது சினைப்பையில் 4.2 செ.மீ. சாக்லேட் கட்டி என்றார். பழைய இரத்தம் தேங்கித் தேங்கி, உருகிய சாக்லேட் போல ஆகிவிடுவதால் அந்தப் பெயர்.

மாத்திரை என்ன செய்கிறது என்று தெரியாமல் விழுங்க எனக்கு மனம் வராது. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் வயிற்றறையிலும் ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதவிடாய் இரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போவதால்தான் இது வருகிறது என்று 1920களிலேயே ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. அப்போது, போய் ஒட்டும் செல்லிலும், அதை அப்புறப்படுத்த வேண்டிய நோயெதிர்ப்புச் செல்களிலும் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

அந்த ஒட்டிய செல்லைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கருப்பைக்குள் இருக்கும் நல்ல உள்சவ்வு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தானே தயாரிப்பதில்லை. வெளியே ஒட்டியதோ, அரோமட்டேஸ் என்ற நொதியை வைத்துத் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் புரோஸ்டாகிளாண்டின் E2 என்ற வேதிப்பொருளைக் கூட்டுகிறது. நம் வலிக்கும் அழற்சிக்கும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே புரோஸ்டாகிளாண்டின் திரும்பிப் போய் அரோமட்டேஸை இன்னும் தூண்டுகிறது. செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தணிக்க வேண்டிய புரோஜெஸ்டிரானுக்கு அந்தச் செல்கள் சரியாகக் காதும் கொடுப்பதில்லை, அதன் செய்தியை வாங்கும் ஏற்பிகள் அவற்றில் குறைந்துபோயிருப்பதால். என் வலி வெறும் 'தாங்கத் தெரியாத பொண்ணு' வலி இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்தது.

டைனோஜெஸ்ட் புரோஜெஸ்டிரானைப் போல வேலை செய்யும் செயற்கை ஹார்மோன். கருமுட்டை வெளிவருவதை அடக்கி ஈஸ்ட்ரோஜனை ஓரளவு இறக்குகிறது, ஒட்டிய திசுவை வாட வைக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அரோமட்டேஸும் புரோஸ்டாகிளாண்டினும் குறைவதையும் பார்த்திருக்கிறார்கள்.

சரி, என் உடம்பில் எப்படி? முதல் மூன்று மாதம் கஷ்டம்தான். இரண்டாம் மாதத்தில் மட்டும் 19 நாள் பழுப்பு நிறக் கசிவு. கைப்பையில் எப்போதும் நாப்கின். தலைவலி. விடைத்தாள் திருத்திக்கொண்டே காரணமில்லாமல் அழுதிருக்கிறேன். மருத்துவரிடம் போனில் கேட்டேன், "இது எதிர்பார்த்ததுதான், நிறுத்தாதீங்க" என்றார். நான்காம் மாதம் கசிவு நின்றது, வலியும் அதோடு போனது. ஸ்டாஃப் ரூம் டிராயரில் வைத்திருந்த வெந்நீர்ப் பையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஏழாம் மாத ஸ்கேனில் கட்டி 2.9 செ.மீ.

இது நோயை வேரோடு எடுக்கும் மருந்து இல்லை. நிறுத்தினால் வலி திரும்பலாம். கருத்தடை மாத்திரையாகவும் இதை நம்பக் கூடாது, ஹார்மோன் இல்லாத வேறு வழி வேண்டும். நீண்ட நாள் எடுத்தால் எலும்பின் அடர்த்தியைக் கவனிக்க வேண்டும், வளரும் பெண்களுக்கு முக்கியமாக. மனச்சோர்வு ஏற்கெனவே இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். ஒன்றைக் குறைத்தது, பெட்டிக்குள் இருக்கும் தாளுக்காக. எறும்பு சைஸ் எழுத்து, முழுக்க ஆங்கிலம். என் சித்தி மகளுக்கும் இதே மாத்திரைதான். கசிவைப் பார்த்துப் பயந்து இருபதாம் நாளே நிறுத்திவிட்டாள். அவள் மருத்துவர் மறுபடி தொடங்கச் சொன்ன அன்று, "முதல் மூணு மாசம் கசிவு இருக்கும், ரொம்பப் போனா டாக்டருக்குப் போன் பண்ணு, நீயா நிறுத்தாதே" என்று பெரிய எழுத்தில் எழுதி, அவள் பீரோக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.