பேஸ்மென்ட் வடிகால் அடைப்புக்கு அரை மாதச் சம்பளம் போச்சு: ஓடிபி கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பேஸ்மென்ட் தரையில் இருக்கும் வடிகால் அடைத்துக்கொண்டது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் புக் செய்தோம். ஆள் வந்தார், ஒன்றரை மணி நேரம் இருந்தார், அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார். அடைப்பு மட்டும் போகவில்லை. இனி அடைக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாஷிங் மெஷினின் அழுக்குத் தண்ணீர்க் குழாய் இந்த வடிகாலில்தான் விடுகிறது. மெஷின் தண்ணீரைத் தள்ளும்போது மட்டும் வடிகால் வாயை மூடியிருக்கும் ஜாலி வழியாக எழும்பித் தரையெல்லாம் பரவியது. மாடியில் ஃப்ளஷ் செய்தாலும் சிங்க்கைத் திறந்துவிட்டாலும் இங்கே அசைவே இல்லை. வெளியே, வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஃப்ளஷ் தண்ணீர் தேங்காமல் ஓடுகிறது. வீட்டின் கழிவுநீர் எல்லாம் சேர்ந்து வெளியே போகும் மெயின் லைன் அடைத்திருந்தால் சேம்பரில் தண்ணீர் நிற்கும், அல்லது சேம்பர் காய்ந்து கிடக்க வீட்டுக்குள் பொங்கும். வீட்டிலேயே தாழ்வான வாய் பேஸ்மென்ட் வடிகால்தான் என்பதால், மாடியில் யார் குளித்தாலும் முதலில் அங்கேதான் ஏறும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அப்படியென்றால் அடைப்பு இந்த வடிகாலுக்குள்ளேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். வந்தவர் செய்யவில்லை. எடுத்துச் சொன்னதற்கும், "ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும்" என்று முடித்துவிட்டார்.

திருட்டு எங்கே நடந்தது என்று புரிய, ஜாலிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஜாலியைக் கழற்றினால் ஒரு கிண்ணம். அதன் அடியிலிருந்து வளைந்து இறங்கி ஏறும் குழாய்தான் ட்ராப். அதில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் மறிக்கிறது. கிண்ணத்தின் பக்கச் சுவரில் மூடி போட்ட இன்னொரு ஓட்டை உண்டு, க்ளீன் அவுட் என்பார்கள். அது ட்ராப்பைத் தொடாமல் நேராக லைனுக்குள் போகும் குறுக்குவழி. லைனில் தூரத்தில் அடைத்தால் ஸ்பிரிங் (அடைப்பைக் குடைந்து எடுக்கும் நீளக் கம்பி) விடுவதற்காக வைத்தது. வேலை முடிந்ததும் மூடியே ஆக வேண்டும்.

அவர் அந்த மூடியை நெம்பி எடுத்துவிட்டு அதன் வழியாக ஸ்பிரிங்கை விட்டார். 15 அடி வரை எங்கும் சிக்காமல் போனது. போகத்தானே செய்யும், அந்தப் பக்கம் அடைப்பே இல்லையே! பிறகு கேமரா கேபிளை இறக்கிவிட்டு போனை நீட்டினார். "பாருங்க சார், மரத்து வேர்." தலைமுடி போலப் பழுப்பு வேர்கள் குழாய் முழுக்கத் தொங்கின, நுனியில் தண்ணீர் சொட்டியது. அந்த வீடியோவில்தான் கவிழ்ந்தோம். கேபிள் உள்ளே போவதையும் பார்த்தோம், போனில் படம் ஓடுவதையும் பார்த்தோம். ஓடும் படம் இந்தக் கேபிளில் இருந்துதான் வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்து "ஹை பிரஷர் ஜெட்டிங்". பில்லில் பெரும்பகுதி இதற்குத்தான். அவர் செய்தது, தோட்டக் குழாயின் நுனியில் ஒரு ரப்பர் பையை மாட்டி உள்ளே விட்டுக் குழாயைத் திறந்தது. பை உப்பிக் குழாயை அடைத்துக்கொண்டு முன்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சும். அந்தப் பைக்கென்று ஒரு பயன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஜெட்டிங் ஆகாது. ஜெட்டிங் என்றால் தனி பம்ப், தடித்த பிரஷர் ஹோஸ், பின்பக்கமும் துளைகள் உள்ள நாசில் எல்லாம் வேண்டும். பழைய குழாய் இணைப்புகளில் இந்தப் பையை உப்ப விட்டால் விரிசல் விடலாம். பை உள்ளே இருக்கும்போது வீட்டுக் குழாயில் பிரஷர் இறங்கினால், சாக்கடை குடிதண்ணீர் லைனுக்குள் இழுக்கப்படும் ஆபத்தும் உண்டு.

கடைசியாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். கடகடவென்று இறங்கியது. ஜாலியை மூடினார், வேலை முடிந்தது என்று செயலியில் பதிய ஓடிபி கேட்டார், கொடுத்தோம்.

அன்று இரவே நாற்றம். செயலியின் சாட்டில் கேட்டால், "ட்ராப்பில் தண்ணீர் காய்ந்திருக்கும், ஒரு வாளி ஊற்றுங்கள்" என்று பதில். பொதுவாகச் சரியான யோசனைதான். பல வாரம் புழங்காத வடிகாலில் ட்ராப் தண்ணீர் ஆவியாகி நாறும். இங்கேதான் தினமும் மெஷின் ஓடுகிறதே! மறுநாள் ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்தால் பக்கச் சுவரில் ஓட்டை அப்படியே திறந்து கிடக்கிறது. மூடி இரண்டாக உடைந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது.

ஓட்டையை மூட, இறக்கை நட்டு வைத்த ரப்பர் அடைப்பான் போட்டோம். நட்டைத் திருகினால் ரப்பர் பக்கவாட்டில் விரிந்து பிடித்துக்கொள்ளும். போட்டுவிட்டு ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் பழையபடி மேலே ஏறி நிற்கிறது. அவர் காட்டிய "கடகட" அவ்வளவுதான். ட்ராப் அடைத்தபடியே இருக்க, தண்ணீர் திறந்த ஓட்டை வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. ஒரு மூடியைக் கழற்றிப் போட்டதற்கு அரை மாதச் சம்பளம்!

ட்ராப்பைச் சுத்தம் செய்ய ஆனது அரை மணி நேரம். ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூமில் காகித ஃபில்டரை எடுத்துவிட்டு, ஹோஸ் வாயில் ஈரத்துணி சுற்றி, ட்ராப் வாயோடு காற்றுப் போகாமல் அழுத்தி உறிஞ்சினோம். மூன்றாவது தடவையில் சாம்பல் நிறத் திரி போல ஒன்று வந்தது, முழங்கை நீளத்துக்கு. துணிப் பஞ்சும் சோப்பும் சேர்ந்து இறுகியது. அதற்குக் கீழே டைல்ஸ் வேலை நடந்தபோது யாரோ கழுவி ஊற்றிய சிமென்ட் பால், ஏடு ஏடாக. அதைக் கால் அங்குலக் கை ஸ்பிரிங்கை விட்டு, அழுத்தாமல் வலப்பக்கமாகத் திருப்பித் திருப்பி எடுத்தோம். இன்னும் தடிமனாக உறைந்திருந்தால் தரையை உடைத்து ட்ராப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகுதான் அந்த வீடியோவை நிதானமாகப் பார்த்தோம். பில்லோடு அவர்களே அனுப்பி வைத்திருந்தார்கள். அதில் இருப்பது இரண்டு மூன்று அடிக்கு ஒரு இணைப்பு வைத்த சுட்ட மண் குழாய். இந்த வீட்டில் இருப்பது பிவிசி. படத்தின் மூலையில் தூரம் 63 அடி என்று காட்டுகிறது. வடிகாலிலிருந்து வெளிச் சேம்பர் வரை டேப் வைத்து அளந்தால் மொத்தமே 22 அடி.

இதையெல்லாம் போட்டோவோடு அனுப்பினோம். முதல் பதில்: "சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் அழைப்போம்." அழைக்கவில்லை. இரண்டாவது: "டெக்னீஷியன் வேலை முடிந்ததாகப் பதிவு செய்துள்ளார், நீங்களும் ஓடிபி கொடுத்துள்ளீர்கள்." 30 நாள் உத்தரவாதம் என்னாச்சு என்றால், உத்தரவாதம் மெயின் லைனுக்கு மட்டுமாம், ட்ராப் அடைப்பு "வேறு பிரச்சினை"யாம், மறுபடி புக் செய்ய வேண்டுமாம். மெயின் லைனில் பிரச்சினையே இல்லை என்பதுதானே புகார்! நான்காவது செய்தியில் புகாரையே மூடிவிட்டார்கள். அரை மாதச் சம்பளம் அங்கே, உடைந்த மூடி இங்கே.

தடுப்பது எப்படி என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கேமரா விட்டால் ஜாலியிலிருந்தே படம் ஓட வேண்டும், உங்கள் தரையும் உங்கள் கிண்ணமும் அதில் தெரிய வேண்டும். ஓடிபிக்கு முன் க்ளீன் அவுட் மூடி போட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், மூடி போட்ட பிறகு இரண்டு வாளி ஊற்றச் சொல்லுங்கள். மெஷின் ஹோஸ் நுனியில் வலைப்பை கட்டுங்கள், நிறைவதற்குள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மெஷினே தண்ணீரைத் தள்ளத் திணறும். பெயின்ட் பிரஷ், சிமென்ட் சட்டி எதையும் அங்கே கழுவ விடாதீர்கள். புழங்காத வடிகாலில் மாதம் ஒரு வாளித் தண்ணீர், மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். பிவிசி என்றால் கொதிக்கும் தண்ணீர் கூடாது, 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அடைப்பு கரைக்கும் திரவத்தை நிற்கும் தண்ணீரில் ஊற்றாதீர்கள். அது ட்ராப்பிலேயே தங்கி, அடுத்து கை விடுபவரைப் பொசுக்கும். ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். ரப்பர் அடைப்பான் வாங்கும் முன் ஓட்டையின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், கண்ணளவில் வாங்கினால் பொருந்தாது.