வெனிஸ் வாப்பொரெட்டோ நாள்சீட்டு: 25 யூரோவுக்குத் தகுமா?

வெனிஸ் தீவுக்குள் கார் கிடையாது. பேருந்தும் ஊர் வாசலோடு நின்றுவிடும். பிறகு நடை, இல்லையென்றால் வாப்பொரெட்டோ எனப்படும் பொதுப் படகு. ஒருமுறைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணிநேரச் சீட்டு 25 யூரோ, நம் காசுக்கு ஏறக்குறைய 37, 38 சிங்கப்பூர் வெள்ளி. மூன்று தடவை ஏறினாலே 28.50 ஆகிவிடும். அதனால் தீவுகளையும் சேர்த்துப் பார்க்க நினைக்கும் நண்பர் கூட்டத்துக்கு நாள்சீட்டுதான் சரி. சான் மார்க்கோ சதுக்கம் மட்டும் போதும் என்பவர்கள் வாங்கவே வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம்.

நேரக் கணக்கு சீட்டை வாங்கியதிலிருந்து அல்ல, படகுத்துறைக் கருவியில் முதல் தடவை தட்டியதிலிருந்து ஓடும். பிற்பகல் 2 மணிக்குத் தட்டினால் மறுநாள் 2 மணி வரை உங்களுடையது. காலையில் போய்ச் சேர்ந்ததும் அவசரமாகத் தட்டிவிட்டு, அறையில் படுத்துத் தூங்கி வீணாக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து வரும் படகுக்கு இது செல்லாது. அதற்குத் தனிக் கட்டணம்.

ஐந்து பேர் என்றால் ஐந்து சீட்டு. நம் ஊர்ப் பேருந்தில் இறங்கும்போதும் அட்டையைத் தட்டிப் பழகிவிட்டோம். அங்கே ஏறும்போது மட்டும்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும். பல துறைகளில் தடுப்புக் கதவு இருக்காது, கருவி ஓரமாக நிற்கும். பேசிக்கொண்டே கும்பலாக நுழையும்போது ஒருவராவது விட்டுவிடுவார். பரிசோதகர் வந்தால், கையில் சீட்டு இருந்தும் அபராதம்தான்.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு, எதிர்த்திசைப் படகில் ஏறுவது. பெரிய துறைகளில் மிதவை மேடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, அதற்கென்று தடங்கள். சில இடங்களில் ஒரே மேடைக்கு இரு திசைப் படகும் வரும். படகு ‘டொம்’ என்று மேடையை இடிக்கும், பணியாளர் கயிற்றை வீசிச் சுற்றி இறுக்குவார், இரும்புக் கதவு நகர்ந்து திறக்கும். அந்தச் சில நொடிகளில் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் கடைசித் துறையின் பெயரைப் படித்துவிடுங்கள்.

கிராண்ட் கால்வாயைப் பார்க்க 1ஆம் எண் தடம். எல்லாத் துறையிலும் நிற்கும். சான் மார்க்கோவுக்கு முக்கால் மணிநேரம் ஆகும். அந்த மெதுவில்தான் அருமையே. ஃபெரோவியா ரயில் நிலையத் துறையில் ஏறாமல், முந்திய துறையான பியாட்சாலே ரோமாவுக்கு நடந்துபோய் ஏறுங்கள். அங்கிருந்துதான் படகு புறப்படுகிறது, வெளி இருக்கை கிடைக்கும். ரியால்ட்டோ பாலத்துக்கு முன் இடப்பக்கம் கா டோரோ மாளிகை, எதிர்க்கரையில் மீன் சந்தை. 1591இல் முடிந்த அந்தக் கற்பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் வந்துவிடுங்கள். கா ரெட்சோனிகோ மாளிகையும் கடைசியில் சலூத்தே தேவாலயத்தின் குவிமாடமும் அந்தப் பக்கம்தான்.

புரானோ தீவுக்கு, ஃபொண்டமெந்தே நோவே துறையிலிருந்து 12ஆம் எண் படகு. வண்ண வீடுகளுக்காக முக்கால் மணி போக, முக்கால் மணி வர. மாலை 4 மணிக்கு மேல் திரும்பும் வரிசை நீண்டுவிடும், ஒரு படகை விட்டு அடுத்ததில்தான் இடம் கிடைக்கும். காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்புவது நல்லது.

கூட்டத்தில் எல்லாரும் 29 வயதுக்குள் என்றால் நாள்சீட்டை மறந்துவிடுங்கள். 6 யூரோவுக்கு ரோலிங் வெனிஸ் அட்டை எடுத்தால் 72 மணிநேரச் சீட்டு 27 யூரோதான்.

கொண்டோலா எனப்படும் துடுப்புப் படகு இந்தச் சீட்டுகளில் சேராது. நகராட்சி வைத்த விலை, பகலில் அரைமணிக்கு 90 யூரோ. அது படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம், தலைக்கு 18. மனம் வராதவர்கள் இரவு 9 மணிக்கு மேல் அதே 1ஆம் எண் படகில் திரும்பி வாருங்கள். கூட்டம் குறைந்திருக்கும், மாளிகைகளுக்குள் விளக்கு எரியும், கூரை உத்தரங்கள்கூட வெளியே தெரியும். காலையில் தட்டிய அதே சீட்டு போதும்.