லூயி பிரெயில் வெள்ளி டாலர், 2009: விரலுக்காக அடித்த நாணயம்

பார்வையற்றோர் விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கிய பிரெயிலின் 200வது பிறந்த ஆண்டுக்காக அமெரிக்க நாணயச்சாலை வெளியிட்ட நாணயம் இது. 2003 அலபாமா குவார்ட்டரில் (25 சென்ட் நாணயம்) ஹெலன் கெல்லர் பெயரும் பிரெயிலில் உண்டு. ஆனால் அது பொடி அளவு. இதிலோ புள்ளிகள் வாசிக்கும் அளவிலேயே எழுந்து நிற்கின்றன. பின்பக்கம், படிக்கும் குழந்தைக்கு மேலே மூன்று பிரெயில் கட்டங்கள், அடைப்புக்குள் புள்ளி எண்கள்: பி (1, 2), ஆர் (1, 2, 3, 5), எல் (1, 2, 3). ஆங்கிலத்தில் பிரெயில் என்பதன் சுருக்கம் அது.

தொட்டு வாசிக்க அன்சர்குலேட்டட் (புழக்கத்துக்கு விடாத, கண்ணாடிப் பளபளப்பு இல்லாத வகை) வாங்குங்கள். ப்ரூஃப் (சேகரிப்போருக்காகப் பளபளப்பாக அடித்த வகை) நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் விரல் பட்டால் ரேகை நிரந்தரமாகப் பதியும். தரச்சான்றுப் பெட்டியில் அடைத்ததை வாங்கினால் புள்ளிகளைத் தொடவே முடியாது. இந்த நாணயத்துக்கு அது அநியாயம்.

பிறர் கைமாறியதை வாங்கும்போது எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மி.மீ. இருக்க வேண்டும், காந்தத்தில் ஒட்டக்கூடாது. 90% வெள்ளி என்பதால் கறுக்கும். பாலிஷ் போடாதீர்கள், புள்ளிகள் தேயும். பிவிசி உறையும் வேண்டாம், பச்சைப் பிசுக்கு படியும்.