கணையம் எடுத்த பிறகு சர்க்கரை பார்க்க: குளுக்கோமீட்டரா, சென்சாரா?

கணையத்தை முழுதாக எடுத்தவர்களுக்கு இன்சுலின் மட்டுமல்ல, இறங்கும் சர்க்கரையைத் தூக்கிவிடும் குளுக்ககானும் கிடைக்காது. அதனால் தாழ்சர்க்கரை சட்டென்று வரும்.

செலவு: விரலில் குத்தி ஒரு துளி ரத்தத்தில் பார்க்கும் மீட்டருக்கு ஸ்ட்ரிப் செலவுதான். கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார்களில் பலவற்றை 10-14 நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும், செலவு அதிகம்.

துல்லியம்: மீட்டர் ரத்தத்தையே அளக்கிறது. சென்சார் தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளப்பதால், சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடம் பின்தங்கும். ஒட்டிய கைமேல் படுத்தாலும் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம்.

பாதுகாப்பு: இதில் சென்சார்தான் மேல். மீட்டர் நீங்கள் குத்தினால்தான் சொல்லும். அலாரம் உள்ள சென்சார், சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தூக்கத்திலிருந்தே எழுப்பும். கணையத்தின் செரிமான நீருக்குப் பதிலாகத் தரும் என்சைம் மாத்திரை போட்டும் சாப்பாடு சரியாகச் செரிக்காத நாளில், போட்ட இன்சுலின் முந்திக்கொள்ளும். அப்போது திரையில் கீழ்நோக்கிய அம்புக்குறி முன்கூட்டியே எச்சரிக்கும்.

முழுக் கணையமும் போனவர்கள், தாழ்சர்க்கரை அறிகுறி தெரியாதவர்கள், தனியாகத் தூங்குபவர்கள் முடிந்தவரை சென்சாருக்கே போங்கள். ஒரு பகுதி மட்டும் எடுத்து, மாத்திரையிலேயே சர்க்கரை நிலையாக இருந்தால் பெரும்பாலும் மீட்டர் போதும்; டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்சார் போட்டாலும் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வியர்த்துப் படபடக்கும்போது சென்சார் 110 காட்டினால், விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், அப்புறம் 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.