ராயலா, யெங்கோவா?

அமெரிக்க வேகக் கார்களின் கதையில் பெரிய கம்பெனிகளுக்கு இணையாக இரண்டு ஊர் டீலர்களுக்கும் இடம் உண்டு. மிச்சிகனின் ராயல் ஓக்கில் ஏஸ் வில்சன் நடத்திய ராயல் பான்டியாக் ஒன்று. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் இருந்த யெங்கோ செவ்ரலே இன்னொன்று.

யெங்கோவின் வழி நேரடியானது. நடுத்தர, சிறிய கார்களில் 400 கன அங்குலக் கொள்ளளவுக்கு மேல் எஞ்சின் கூடாது என்று, பான்டியாக், செவ்ரலே இரண்டுக்கும் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸே கட்டுப்பாடு வைத்திருந்த காலம். பந்தய வீரரான டான் யெங்கோ செவ்ரலேயின் கமாரோ காரில் 427 கன அங்குல எஞ்சினைத் தன் ஒர்க்‌ஷாப்பிலேயே பொருத்தி விற்றார். 1969-ல் 'கோப்போ' என்ற சிறப்பு ஆர்டர் வழியாகத் தொழிற்சாலையையே அதைச் செய்ய வைத்தார். ஒரு டீலருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ராயலின் பேர்போன வழி, எஞ்சினை மாற்றாமலே காரை மாற்றுவது. மெல்லிய ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு), கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட் (பெட்ரோல் போகும் துளை), டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறி விழும் நேரத்தில் திருத்தம்: இவ்வளவுதான் ராயலின் 'பாப்கேட்' ட்யூனிங்கின் சாரம். அந்தப் பெயர்ப்பலகைகூட பான்டியாக்கின் பானவில், கேட்டலினா கார்களின் எழுத்துகளைக் கோத்துச் செய்தது! அப்புறம் இதே பாகங்களைத் தபாலில் கிட்டாகவும் விற்றார்கள்.

ஏலத்தில் யெங்கோ கமாரோவுக்குத்தான் மவுசு. எனக்கு ராயல்தான் ஒரு படி மேல். கைப்பக்குவத்தை நம்பிய கடை அது; வீட்டு கராஜில் ஸ்பேனர் பிடித்தவனுக்கும் அந்த வேகத்தில் பங்கு கொடுத்தது.