10 வருட வாரண்டி ஏசி: மெஷினுக்கு நல்ல மார்க், சர்வீஸுக்குப் பாதி

கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனி ஏசிக்கும் பொருந்தும். இன்வெர்ட்டர் ஸ்பிளிட், கூலிங்கும் ஹீட்டிங்கும் ஒரே மெஷினில் வருகிற வகை, உள்ளே குளிர்விக்கும் கேஸ் ஆர்-32. கூலிங்கைக் குறை சொல்ல முடியாது. அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் டக்கென்று நின்றுவிடாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறது, அதனால் பழைய ஏசியில் கம்ப்ரஸர் நின்று நின்று கிளம்பும்போது கேட்குமே அந்தச் சத்தம் இல்லை, தூக்கமும் கெடுவதில்லை.

ஹீட்டிங்கும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புதிதாகப் போடுகிறவர்கள் பயந்துவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஃபேன் நின்றுவிடும், வெளியே 'புஸ்' என்று ஒரு சத்தம், அவுட்டோர் யூனிட்டிலிருந்து புகை மாதிரி ஏதோ கிளம்பும். புகை இல்லை, நீராவிதான். ஹீட்டிங்கில் அவுட்டோர் யூனிட்டில் கேஸ் ஓடும் வளைகுழாய், அதாவது வெளிக் காயில், சில்லென்று ஆகிறது, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது, அதைக் கரைக்க மெஷின் தானாகவே கொஞ்ச நேரம் கூலிங்குக்கு மாறி வெளிக் காயிலைச் சூடாக்குகிறது. 5, 10 நிமிடத்தில் பழையபடி சூடான காற்று வந்துவிடும். இதற்குப் போய் கம்ப்ளைண்ட் கொடுத்தால் வருகிறவர் 'நார்மல்' என்று எழுதிவிட்டுக் கிளம்புவார். எனக்கு விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, மேனுவலில் எங்கோ ஓர் ஓரத்தில் இருந்தது.

சரி, வாரண்டிக்கு வருவோம். முன்பக்கம் பெரிதாக '10 வருடம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் அட்டையைப் படித்தால்தான் அது கம்ப்ரஸருக்கு மட்டும் என்று தெரியும், முழு மெஷினுக்கு 1 வருடம்தான். கம்ப்ரஸர் அவ்வளவு சீக்கிரம் போகிற சாமான் இல்லை. தொல்லை கொடுப்பது பிசிபி போர்டு (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் அட்டை), ஃபேன் மோட்டார், சென்சார், கேஸ் லீக், இவைதான், அதாவது அந்தப் பெரிய எழுத்துக்குள் வராதவை. நாளைக்கு கம்ப்ரஸரே போனாலும் பொருள் மட்டும்தான் இலவசம், கேஸ், வெல்டிங், கூலி, ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் நம் தலையில் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே வாங்கும்போது எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள், போர்டுக்கு எத்தனை, காயிலுக்கு எத்தனை, கேஸும் கூலியும் சேர்த்தியா என்று பிரித்துக் கேளுங்கள்.

எனக்கு வந்த பிரச்சினை கூலிங் குறைந்தது. முதலில் வந்தவர் பிரஷர் அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தார், கேஸ் கம்மி என்றார், ஏற்றினார், போய்விட்டார். எங்கே போயிற்று என்று அவரும் பார்க்கவில்லை. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். எதிர்பார்த்தபடி கூலிங் மறுபடியும் இறங்கியது.

அடுத்து வந்த பையன் வேலை தெரிந்தவன். கேஜை எடுக்கும் முன்பே அவுட்டோர் பக்கத்தில் குழாய் சேரும் இடத்தில் கறுப்புச் சுற்றை விலக்கி விரலால் தடவிக் காட்டினான், பிசுக்கென்று எண்ணெய், அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும், அதுதான் அடையாளம். சோப்பு நுரை பூசியதும், விரித்த குழாய் முனையை (ஃபிளேர்) இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேர் நட்டின் ஓரத்தில் சின்னச் சின்னதாகக் குமிழ் வந்துகொண்டே இருந்தது. மிச்ச கேஸை எடுத்துவிட்டு, குழாய் முனையை வெட்டிப் புது ஃபிளேர் போட்டு, வாக்யூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடையைத் தராசில் பார்த்து கேஸ் ஏற்றினான். இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷரை மட்டும் பார்த்து ஏற்றுவது குருட்டாம்போக்குதான்.

இவ்வளவும் முடிந்தபின் பில். ஜாயிண்டில் லீக் என்றால் அது இன்ஸ்டலேஷன் குறை, வாரண்டியில் வராது என்றது கம்பெனி. கடைக்காரரைக் கேட்டால் ஆள் அனுப்பியது கம்பெனி என்றார். பொருத்தியவர் கையெழுத்துப் போட்ட தாள் கையில் இருந்ததால்தான் கடைசியில் கடைக்காரர் இறங்கி வந்தார். அப்படி ஒரு தாள் தராவிட்டால் கேட்டு வாங்கி, பில்லோடும் சீரியல் நம்பரோடும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்லில் எழுத்து மங்கிவிடும்.

கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு. கூலிங் இல்லையென்றால் முதலில் தூசியைப் பிடிக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் கூலிங்கை நிறுத்தி ஃபேனில் மட்டும் ஓடவிட்டு முழுதும் கரைந்தபின் போட்டுப் பாருங்கள், ஃபில்டர் சுத்தமாக இருந்தும் திரும்ப ஐஸ் கட்டினால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் தண்ணீர் வெளியேறும் ட்ரெய்ன் குழாயில் அடைப்பு. டிஸ்ப்ளேயில் கோளாறைக் காட்டும் எர்ரர் கோடு (code) வந்தால் உடனே பிரேக்கரை அணைக்காமல் முதலில் போட்டோ எடுங்கள், அணைத்துப் போட்டால் கோடு மறைந்துவிடலாம், வருகிறவரும் 'நல்லாத்தானே ஓடுது' என்பார். அப்புறம், போர்டு மூடியை மட்டும் நீங்களோ தெரிந்த எலக்ட்ரீஷியனோ திறக்க வேண்டாம். உள்ளே கெப்பாசிட்டரில் அணைத்த பிறகும் கரண்ட் நிற்கும், அதோடு வெளியாள் கை வைத்தது தெரிந்தால் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு நல்ல சாக்கு.

மெஷினுக்கு 5க்கு 4 தரலாம். சர்வீஸுக்கு 2, அதுவும் இரண்டாவதாக வந்த பையனுக்காக. வாங்குகிறவர்கள் முழு வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு தடவை செக்கப் கேட்டு, கூலிங் குறை, சத்தம், சொட்டு என்று எது இருந்தாலும் ஜாப் ஷீட்டில் எழுதவைத்துக் காப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் அவர்கள் கணினியில் ஏறுவதில்லை.