‘அறுபத்தைந்து நாள் குட்டி’ என்றார்கள். 14,000 ரூபாயும் போனது, குட்டியும் போனது

குட்டி இறந்து இன்றோடு இரண்டு நாள் ஆகிறது. மனம் ஆறிய பிறகு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். 14,000 ரூபாய் கொடுத்து ஒரு பெர்சியப் பூனைக்குட்டியை வாங்கினோம். பிறந்து அறுபத்தைந்து நாள் ஆயிற்று, தானாகச் சாப்பிடும், முதல் தடுப்பூசி போட்டாயிற்று என்று சொல்லி விற்றார்கள். மூன்றுமே பொய். முப்பது நாளைச் சற்றே தாண்டிய, தாயின் மடியிலிருந்து பிடுங்கப்பட்ட குட்டி அது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பூனை வாங்கித் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். பழைய வண்டி, மேசை நாற்காலி முதல் எல்லாவற்றையும் வாங்கி விற்கும் ஒரு செயலியில்தான் விளம்பரத்தைப் பார்த்தோம். செயலியின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருப்பதால் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரான உறவினர் ஒருவர் தடுத்துவிட்டார். நீல நிறத் துண்டின் மேல் நான்கு குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்த படம் அது. தொலைபேசியில் பேசியவர் பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசினார். “எங்க வீட்டுப் பிள்ளைங்க மாதிரி வளர்த்தது மேடம், யாருக்கு வேணும்னாலும் கொடுக்க மாட்டோம், நல்லா பார்த்துக்கிறவங்களுக்குத்தான் கொடுப்போம்” என்றார். இந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். எங்களைச் சோதித்துப் பார்க்கிறார் என்று எண்ணினேனே ஒழிய, நாங்கள் அவரைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தைத் தாண்டி அவர் சொன்ன இடத்துக்குப் போனோம். வீட்டுக்குள் அழைக்கவில்லை, வாசல் படிக்கட்டிலேயே ஓர் அட்டைப்பெட்டியில் குட்டியைக் கொண்டுவந்து காட்டினார். தாய்ப்பூனையைப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். அது ஆவடியில் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் ஒரு வெள்ளைப் பூனையின் படத்தைக் காட்டினார். சாப்பிடுமா என்று என் கணவர் கேட்டதும், சிறு கிண்ணத்திலிருந்த கூழ் போன்ற உணவைத் தன் விரலில் தொட்டுக் குட்டியின் வாயருகே நீட்டினார். குட்டி இரண்டு முன்னங்கால்களாலும் அந்த விரலைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி விடாமல் உறிஞ்சியது. “பார்த்தீங்களா, என்ன பசி!” என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சாப்பிடத் தெரிந்த குட்டி உணவை நக்கும் அல்லது கடிக்கும். இது விரலைச் சப்பியது. அது இன்னும் பால்குடி மறக்கவில்லை என்பதை எங்கள் கண்முன்னே அவர் காட்டிக்கொண்டிருந்தார். அதையே அத்தாட்சி என்று நம்பி, நின்ற இடத்திலேயே கைப்பேசி வழியாக 14,000 ரூபாயை அனுப்பினேன். முதலில் பேசிய விலை 12,000. நீலக்கண் குட்டி அபூர்வம் என்று சொல்லி இன்னும் 2,000 சேர்த்து வாங்கினார்.

அன்று மாலை குட்டி என் மகளின் துப்பட்டா நுனியைக் கவ்வி, முன்னங்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைந்து, துணி நனைந்து போகும்வரை சப்பிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறது என்று காணொளி எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினோம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பூனைகளோடு வளர்ந்த என் மாமியார் மட்டும் அதைப் பார்த்துவிட்டு, “இது பால் தேடுதும்மா, மடின்னு நினைச்சு முட்டுது” என்றார். பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாற்றும் என்பார்களே, அந்த ஏழு வீட்டையும் சுற்றி முடித்து, தாய் பிடித்துவந்து போடும் எலியைக் குட்டி தானே அடிக்கப் பழகிய பிறகுதான் அவர்கள் ஊரில் குட்டியைக் கேட்டு வருவார்களாம். நான் அன்று அதைக் காதில் வாங்கவில்லை. இது சாதிப்பூனை, வளர்ப்பு முறையே வேறு என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காக இரண்டு நாளாக அவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறேன்.

விற்றவர் சொன்னபடி வைத்த உலர் உணவைக் குட்டி தொடவில்லை. பசுவின் பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கலாம் என்றும் அவரே சொல்லியிருந்தார், கொடுத்தோம். திங்கள் இரவு வயிற்றுப்போக்கு தொடங்கியது. செவ்வாய் காலையில் கால் மடங்கி எழ முடியாமல் கிடந்தது. கால்நடை மருத்துவர் எடைக்கருவியில் வைத்தபோது 410 கிராம் இருந்தது. இரண்டு மாதம் நிறைந்த குட்டி ஏறத்தாழ 900 கிராம் இருக்க வேண்டும் என்றார். பிறகு உதட்டை மெதுவாக விலக்கிக் காட்டினார். முன்பற்களும் கோரைப்பற்களும் இருந்தன, கடைவாய்ப் பக்கத்துப் பாற்பற்கள் அப்போதுதான் பல் ஈறைக் கீறிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. “நாலரை வாரத்துக்கு மேல இருக்காதும்மா” என்றார். நீலக்கண்ணைப் பற்றிக் கேட்டேன். எல்லாப் பூனைக்குட்டிக்கும் ஆறேழு வாரம்வரை கண் நீலமாகத்தான் இருக்கும், பிறகுதான் உண்மையான நிறம் வரும் என்று சொன்னார். வயது குறைவு என்பதற்கு அடையாளமான ஒன்றையே அபூர்வம் என்று சொல்லி எங்களிடம் 2,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

தடுப்பூசி அட்டையையும் மருத்துவர் பார்த்தார். மருந்துக்குப்பியின் ஒட்டுத்தாள் இல்லை, மருத்துவரின் கையொப்பமோ பதிவு எண்ணோ இல்லை, பேனாவால் எழுதிய தேதி மட்டுமே இருந்தது. முதல் ஊசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் போடுவார்களாம். அதன்பின் மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பப் போட வேண்டும். முதல் ஊசிக்கு முன் குட்டியைக் காப்பது தாயின் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும், தாயின் சூடும், பாலும்தான். நான்கு வாரத்தில் குட்டி திட உணவை நுகர்ந்து பார்க்கத் தொடங்கும், எட்டு வாரத்தில்தான் பால் முழுதாக மறக்கும். இடையிலுள்ள அந்த ஒரு மாதத்தைத்தான் விற்றவர் எங்கள் குட்டியிடமிருந்து திருடிக்கொண்டார். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, நான்கைந்து வாரத்தில்தான் குட்டி பொம்மை போல இருக்கும், சீக்கிரம் விலை போகும், தீவனச் செலவும் ஊசிச் செலவும் மிச்சம், குட்டிகளைப் பிரித்துவிட்டால் தாய் விரைவில் மறுபடி பருவத்துக்கு வரும் என்றார் மருத்துவர்.

அதன்பின் மூன்று இரவுகள் குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அணைத்து வைத்தோம். பசும்பால் குட்டிக்குச் செரிக்காது, அதுவே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் என் மகளின் மடியிலேயே குட்டியின் மூச்சு நின்றது. மருத்துவத்துக்கு ஆன செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஏமாற்றி வாங்கப்பட்ட 14,000 ரூபாயைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

செவ்வாய்க்கிழமையே விற்றவரை அழைத்தேன். தண்ணீர் மாறியதால் இருக்கும் என்றார். புதன்கிழமை, ஏசி அறையில் வைத்திருப்பீர்கள் என்றார். எங்கள் வீட்டில் ஏசியே இல்லை. மருத்துவரின் அறிக்கையைப் படமெடுத்து அனுப்பியதும், “டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க அக்கா” என்று பதில் வந்தது. அதுவரை மேடமாக இருந்த நான் அப்போதுதான் அக்காவானேன். குட்டி இறந்த செய்தியைச் சொன்னபோது, இன்னும் 4,000 ரூபாய் கொடுத்தால் அதே ஈற்றிலிருந்து வேறு குட்டி தருவதாகச் சொன்னார். என் மகள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பணத்தைத் திருப்பிக் கேட்டவுடன் என் எண்ணைத் தடுத்துவிட்டார். செயலி நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பரிமாற்றத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற அதே வாசகம் மூன்று முறையும் வந்தது. காவல் நிலையத்தில் ரசீது எங்கே என்று கேட்டார்கள். பணம் அனுப்பிய பதிவைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் நேற்றுப் பதிவு செய்திருக்கிறேன்.

தூக்கம் வராத இரவுகளில் படித்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 5,700 பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயைப் பிரிந்த பூனைகளிடம் வளர்ந்த பிறகும் கடிக்கும், பாயும் குணம் கூடுதலாக இருந்தது என்றும், பதினான்கு வாரம்வரை தாயோடு விடுவது நல்லது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான். ஆகவே பிழைத்துக்கொண்டாலும் இழப்பு இழப்பே.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பன்னிரண்டு வாரம்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். விரலில் ஊட்டிக் காட்டுவதை ஏற்காமல், தட்டில் உணவை வைத்துக் குட்டி தானாகச் சாப்பிடுவதைப் பாருங்கள். ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

இன்று காலை அந்த விளம்பரம் மறுபடியும் வந்திருக்கிறது. அதே நீலத் துண்டு, அதே படம், ‘அறுபது நாள்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாராவது கிளம்பினால், தாய்ப்பூனை இருக்கும் வீட்டுக்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். மறுத்தால் வாசலிலிருந்தே திரும்பிவிடுங்கள்.